கழுத்துக்கு ஒரு சுற்று போதும்

மதுரை சிம்மக்கல் பக்கம் சலூன் வைத்திருப்பவன் நான். வீட்டிலேயே சவரம் செய்துகொள்ளும் தம்பிகள் முடி வெட்ட வரும்போது காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டுகிறார்கள். தொண்டைக்கு இருபுறமும் சிவப்புத் தடிப்புகள். சிலவற்றின் நடுவே கறுப்புப் புள்ளி. "பழைய இரும்பு ரேசருக்கு மாறினால் இதெல்லாம் போய்விடும் என்றார்களே அண்ணே, எனக்கு மட்டும் ஏன் போகவில்லை?" என்பார்கள். போகும். ரேசரை மாற்றியதோடு கைப்பழக்கத்தையும் மாற்றினால் போகும்.

மூன்று, ஐந்து பிளேடு அடுக்கிய ரேசரில் முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்கிறது, பின்னால் வருவது வெட்டுகிறது. இழுத்து வெட்டிய முடி தோலுக்குக் கீழே போய்ப் பதுங்கிவிடும். பழைய இரும்பு ரேசரின் ஒற்றை பிளேடு தோல் மட்டத்தில் வெட்டிவிட்டு நின்றுகொள்ளும். கில்லெட் 1904இல் காப்புரிமை வாங்கிய இருபுற பிளேடு ரேசர் இன்றைக்கும் உதவுவது இதனால்தான். ஆனால் தோலை இழுத்துப் பிடித்து, எதிர்ப்போக்கில், அதாவது முடி வளரும் திசைக்கு எதிராக, மூன்று முறை வழித்தால் அந்த ஒற்றை பிளேடும் அதே வேலையைத்தான் செய்யும். சாய்வாக வெட்டுப்பட்ட முடியின் நுனி ஊசிபோல் கூராக இருக்கும். சுருள் முடிக்காரர்களுக்கு அது வெளியே வந்ததும் வளைந்து பக்கத்துத் தோலில் குத்தி உள்ளே போகிறது, அல்லது வெளியே வராமலேயே உள்ளுக்குள் குத்துகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துப் போராடுகிறது. நீங்கள் பரு என்று கிள்ளுவது அந்தப் போராட்டத்தைத்தான்.

முதலில் உங்கள் முடியின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாள் சவரம் செய்யாமல் விட்டு, விரல் நுனியால் எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசைதான் போக்கு, சொரசொரவென்று தடுத்தால் எதிர்ப்போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழே இருக்கும். கழுத்தில்தான் வம்பு. பலருக்குக் காலர் எலும்புப் பக்கமிருந்து மேல்நோக்கி வளரும், தாடைக்கு அடியில் காதைப் பார்த்துப் படுத்திருக்கும், சிலருக்கு ஒரு பக்கம் சுழியே இருக்கும். இடக் கழுத்தும் வலக் கழுத்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. கன்னத்தில் இழுத்த அதே வேகத்தில் கழுத்திலும் மேலிருந்து கீழே இழுப்பவர், தனக்குத் தெரியாமலேயே எதிர்ப்போக்கில் வழித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது தண்ணீர். மதுரையில் பல வீடுகளில் குளியலறைக் குழாயில் வருவது போர்வெல் உப்புத் தண்ணீர். அதில் எவ்வளவு குழைத்தாலும் நுரை நிற்காது, தயிர் திரிந்ததுபோல் ஒரு படிவுதான் மிஞ்சும். வழுக்காத நுரையில் பிளேடு தோலைச் சுரண்டிக்கொண்டு போகும். விலை உயர்ந்த கிரீம் வாங்கும் முன் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரை எடுத்து வையுங்கள். மாநகராட்சிக் குழாயில் வரும் வைகைத் தண்ணீர் போதும், இல்லாவிட்டால் கேன் தண்ணீர். நுரை குழைக்க அந்த ஒரு டம்ளரே தாராளம். முகத்தை நனைக்க உப்புத் தண்ணீரே இருந்தாலும் பாதகமில்லை.

நனைப்பதில் அவசரம் கூடாது. காய்ந்த முடி கம்பி மாதிரி எதிர்க்கும். இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால்தான் இளகும். அழகர்கோவிலிலோ பழனியிலோ மொட்டை போட உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், கத்தி வைக்கும் முன் தலையில் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்ப்பார்கள். குளித்து முடித்த கையோடு சவரம் செய்வது உத்தமம். பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றி, முடியைத் தூக்கி நிறுத்துவதுபோல் நுரை போடுங்கள். கடைசியில் நுரையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுக்க வேண்டும். பஞ்சு மாதிரி காற்றோட்டமாக இருந்தால் இன்னும் நாலு சொட்டுத் தண்ணீர்.

ரேசரின் தலையைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள். கைப்பிடி முகத்துக்கு நேர் எதிரே நீட்டிக்கொண்டு நிற்கும். பிளேடு தொடாது. இப்போது கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே லேசாக இழுங்கள். ஓர் இடத்தில் "சரக்" என்று முடி அறுபடும் ஓசை கேட்கும். அங்கேயே நில்லுங்கள். தோலுக்கும் பிளேடுக்கும் சுமார் 30 டிகிரி இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சவரம் செய்யச் சொல்வேன், அந்த ஓசைக்காகத்தான். ஓசை நின்றால் ஒன்று கோணம் தப்பிவிட்டது, இல்லை வழிக்க அங்கே முடி இல்லை. இரண்டிலும் அழுத்துவது பயன் தராது. இரும்பு ரேசரின் எடையே போதும், கைப்பிடியின் நுனியைப் பிடித்துக்கொண்டால் அழுத்தவே தோன்றாது. ஒரு அங்குலத்துக்கு மேல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டாம்.

முதல் சுற்று முழுவதும் போக்கிலேயே. பிறகு மறுபடி நுரை. கன்னத்தில் மட்டும் இரண்டாவது சுற்று, அதுவும் குறுக்காக. கழுத்துக்கு அந்த முதல் சுற்றோடு சரி. தோலை விரலால் இழுத்துப் பிடிக்காமல் முகவாயைத் தூக்கினாலே போதும். நுரை இல்லாத இடத்தில் "இதோ ஒரு முடி" என்று திரும்பப் போகாதீர்கள். கையால் தடவினால் கழுத்து கொஞ்சம் சொரசொரக்கும், இருக்கட்டும். முடி ஒரு நாளைக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் வளர்ந்துவிடுகிறது. இந்த வழவழப்பு நாளை காலையில் யாருக்கும் இருக்கப்போவதில்லை.

ஒரு பிளேடை நாலைந்து சவரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம், இழுக்கிறது என்று தோன்றினால் அதற்கு முன்பே மாற்றுங்கள். தாத்தாவின் மடக்குக் கத்தியை எடுத்து வைத்திருப்பவர்கள் தோல்வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும். வெட்டும் விளிம்பு முன்னால் போனால் வாரும் அறுபடும், கூரும் போகும். கை பழகும்வரை கன்னத்தோடு நிறுத்திக்கொண்டு, கழுத்தை ரேசரிடம் விட்டுவிடுங்கள்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு படிகாரத்தை ஒரு முறை ஓட்டுங்கள். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அதிகம் அழுத்தியிருக்கிறீர்கள், அடுத்த முறைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அரை நிமிடத்துக்குள் கழுவிவிட்டுத் துண்டால் ஒற்றி எடுங்கள். படிகாரக் கட்டி உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும், அண்ணன் தம்பிக்குக்கூடப் பொது வேண்டாம். சலூனிலும் எல்லோர் முகத்திலும் ஒரே கட்டியைத் தேய்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் கூச்சம் எதற்கு? ஸ்பிரிட் வாடை அடிக்கும் லோஷன் எரிந்தால்தான் நல்லது என்பது பழைய நம்பிக்கை, எரிச்சல் எரிச்சல்தான். சித்திரை, வைகாசி வெயிலில் காலைச் சவரத்துக்குப் பின் வியர்வை பட்டு முகம் காந்தும், ஆகவே அந்த மாதங்களில் இரவில் செய்துவிட்டுத் தூங்குவது மேல்.

ஏற்கெனவே முடி உள்ளே போயிருந்தால் மூன்று நான்கு வாரம் கழுத்தில் பிளேடே வைக்காதீர்கள். வேலையில் விட மாட்டார்கள் என்றால் டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். முடி வளையமாக மேலே தெரிந்தால் மட்டும் சுத்தமான ஊசியால் நுனியை வெளியே தூக்கிவிடலாம். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் அடுத்த முடி தோலுக்கு உள்ளேயே முளைக்கலாம். தோண்டினால் தழும்பு. வட்டமாக, ஓரம் சிவந்து அரித்தால் அது வேறு, படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக்கடையில் யாரோ தரும் ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பூசினால் அது முதலில் அடங்குவதுபோல் காட்டிவிட்டுப் பெருகும். அதற்கும், சீழ் வைத்தாலும், தழும்பு தடித்துக்கொண்டே போனாலும் தோல் மருத்துவரிடம் போங்கள்.

கல்யாணம் வைத்திருக்கும் மாப்பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் வந்து "நல்லா வழவழவென்று எடுத்துவிடுங்கள்" என்று உட்காராதீர்கள். முந்தைய நாள் மாலையே வந்துவிடுங்கள். மேடையில் இரண்டு மணி நேரம் ரோஜா மாலையின் நாரும் ஜரிகையும் அந்தக் கழுத்தில்தான் உரசிக்கொண்டிருக்கும்.