வெயில் கூடுனா வேப்பங்கன்னு என்ன ஆகும்? மாடிலயே பாத்துக்கலாம்

ஆனி ஆடில வேப்பம்பழம் கீழ கொட்டிக் கெடக்கும், அப்பவே பொறுக்கிடுங்க. டப்பால போட்டு வச்சு பொங்கலுக்கு ஊனலாம்னு நெனச்சா முளைக்காது, சில வாரத்துலயே முளைப்பு போயிடும். சதைய கழுவி, ஒரு நாள் நிழல்ல உலத்தி, நாத்து கவருக்கு (அடில ஓட்டை இருக்குற பிளாஸ்டிக் பை) 2 கொட்டை ஊனிட்டு, முளைச்சப்புறம் நல்லா இருக்குற ஒண்ண மட்டும் விடுங்க.

செம்மண் 12 கவர், கரிசல் 12 கவர். ரெண்டுலயும் பாதிய தனியா எடுத்து, நாலு குச்சி நட்டு கண்ணாடி மாதிரி இருக்குற பாலித்தீன் ஷீட்ட முழங்கால் உயரத்துக்கு சுத்திடுங்க, உள்ள இருக்குற கன்னுக்கு சூடு கூடும், வெளிய இருக்குறதோட ஒப்பிட்டு பாக்கலாம். மேல மூடாதீங்க, வெந்துரும். மத்தியானம் 2 மணிக்கு உள்ள, வெளிய ரெண்டு எடத்துலயும் மண்ணுல தெர்மாமீட்டர் குத்தி எழுதி வைங்க. கவர் எல்லாம் பலகை மேல இருக்கட்டும், தளத்து சூடு வேர அவிச்சிடும்.

இனி தண்ணி, எல்லாரும் சொதப்புற எடம் இதான். மொத தடவை நான் எல்லாத்துக்கும் ஒரே டம்ளர் கணக்கா ஊத்துனேன், ஷீட்டுக்குள்ள இருந்த செம்மண் கன்னு வரிசையா தல சாஞ்சிடுச்சு, சூடுதான் கொன்னுடுச்சுன்னு நோட்டுல வேற எழுதிட்டேன், அப்புறம் கவர தூக்குனா பஞ்சு மாதிரி லேசா இருக்கு, செத்தது தாகத்துல! அதனால நல்லா ஊத்தி வடிஞ்சதும் கிச்சன் தராசுல எடை போடுங்க, தெனமும் அந்த எடைக்கே ரொப்புங்க. அப்பதான் சூடு பண்ற வேலை தனியா தெரியும்.

கரிசல் வேற மாதிரி. காஞ்சா சுருங்கி கவர் ஓரத்துல இடைவெளி விட்டுடும், ஊத்துற தண்ணி அந்த சந்து வழியா அடி ஓட்டைல ஓடிடும், நடுவுல வேர் காஞ்சே கெடக்கும். கொஞ்சம் ஊத்தி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஊத்துங்க. ரொம்ப ஊத்துனாலும் வேருக்கு காத்து போகாம இலை மஞ்சளடிக்கும்.

வாரத்துக்கு ஒருக்கா உள்ள இருக்குற கவர உள்ளயே, வெளிய இருக்குறத வெளியவே எடம் மாத்துங்க, 15 நாளைக்கு ஒருக்கா உயரம், இலை எண்ணிக்கை, தண்டு தடிமன் பாருங்க. மண்ணு ஒட்டுற எடத்துல தண்டு வறண்டு சுருங்கி பழுப்பு வளையம் விழுந்தா மேல்மண் சூடு சுட்டிருக்கு, கொழகொழன்னு இருந்தா அழுகல்.

3 மாசம் கழிச்சு ஷீட்டுக்கு உள்ள, வெளிய ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொரு மண்ணுலயும் ஒரு கவர கிழிச்சு வேர கழுவி பக்கத்து பக்கத்துல வைங்க. தண்ணிக்கு தவிச்ச கன்னு ஏதாவது இருந்தா, மேல நாலு இலையோட நிக்கும், கீழ பாத்தா வேர் கவர் அடிய தொட்டு சுருண்டிருக்கலாம்.