பழைய கச்சேரிப் பதிவுகளை இறக்கும்போது பார்க்க வேண்டியவை

பழைய கச்சேரிகள் இப்போது வட்டாக (சிடி) வருவது குறைந்துவிட்டது. பெரும்பாலும் கோப்பாகத்தான் வருகின்றன. 1970களில் சபாவில் நாடாவில் பிடித்த இரண்டரை மணி நேரக் கச்சேரி, சிங்கப்பூர் தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்காமலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. விற்பனைப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்ற எண்: ஒலியை எவ்வளவு நுணுக்கமாக, விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்தார்கள் என்பது. அதைப் பார்த்து வாங்காதீர்கள். கேசட்டின் அமைதிக்கும் உச்சத்துக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 50 முதல் 60 டெசிபல். சாதாரண வட்டின் 16 பிட்டே 96 டெசிபல் தாங்கும். நாடாவில் இல்லாததை எந்த எண்ணும் கொண்டுவராது. பதிவு நன்றாக இருக்குமா என்பது அதன் வம்சாவளியில் இருக்கிறது: எந்த நாடா, எத்தனையாவது நகல், எந்தக் கருவியில் ஓட்டினார்கள், அதன் பிறகு என்ன செய்தார்கள்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் விவரக் குறிப்பைப் படியுங்கள். 'மூல ஸ்பூல் நாடா, விநாடிக்கு 19 சென்டிமீட்டர், மேடைக் கலவையிலிருந்து நேரடியாக' என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 'ரசிகர் தொகுப்பிலிருந்து' என்று மட்டும் இருந்தால் அது கேசட்டின் கேசட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் கூடும், உயர் அதிர்வெண் ஒலி மங்கும். 'புதுப்பிக்கப்பட்டது', 'மெருகேற்றப்பட்டது' என்ற சொற்கள் இருந்தால் முன்னோட்டத்தை இரண்டு முறை கேளுங்கள். முன்னோட்டம் பெரும்பாலும் குறைந்த தரத்தில்தான் ஓடும் (பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் 128 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 128 கிலோபிட், எம்பி3), எனவே அதை வைத்து உயர் அதிர்வெண் ஒலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேகம், கலவை, அதிகப்படியான இரைச்சல் நீக்கம் மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

விலையில் ஒரு சிறு கணக்கு. சிங்கப்பூரில் பொருள் சேவை வரிக்குப் பதிந்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர்கள் மின்னிலக்கப் பொருளுக்கும் 2020 முதல் வரி சேர்க்கிறார்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு. 10 வெள்ளி என்று போட்டிருந்தால் 10.90 வரலாம்.

எந்த வடிவம்

ஃபிளாக் இருந்தால் ஃபிளாக். அது ஒலியைச் சுருக்கும், ஆனால் ஒரு துளியும் இழக்காது. விரித்தால் மூலத்தின் ஒவ்வொரு பிட்டும் அப்படியே திரும்பி வரும். வட்டுத் தரத்தில் ஒரு மணி நேர ஒலி சுருக்காமல் சுமார் 635 மெகாபைட். ஃபிளாக்கில் ஏறத்தாழ பாதி. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் சுருக்காமல் 2 கிகாபைட்டுக்குச் சற்று மேல். 192 என்றால் 4 கிகாபைட்டைத் தாண்டும். பழைய நாடாவில் 24 பிட்டின் கீழ்ப்பகுதி முழுக்க வெறும் இரைச்சல், இரைச்சல் சுருங்காது. கேட்பதற்கு மட்டும் என்றால் வட்டுத் தர ஃபிளாக் போதும். பின்னால் வேகம் திருத்த வேண்டும், ஒலியைச் சரிசெய்ய வேண்டும் என்றால் 24 பிட், 96 எடுங்கள். ஆவணக் காப்பகங்கள் நாடாவை மாற்றும்போது பின்பற்றும் அளவும் அதுதான். 192க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குப் பலன் இல்லை.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஆப்பிளின் மியூசிக் செயலி ஃபிளாக்கைச் சேர்த்துக்கொள்ளாது. ஆப்பிளின் சொந்த வடிவமான ஆலாக் கிடைத்தால் அதை இறக்குங்கள், இல்லையென்றால் ஃபிளாக்கிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் இழப்பற்றவை என்பதால் எதுவும் குறையாது. எம்பி3யிலிருந்து ஃபிளாக்குக்கு மாற்றுவதில்தான் ஏமாற்றம்: கோப்பு பெரிதாகும், போன ஒலி திரும்பாது. இணையத்தில் உலவும் போலி ஃபிளாக்குகள் பலவும் இப்படிப் பிறந்தவைதான்.

இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்து எடுப்பவர்கள், பதிவின் முழுக் கோப்புப் பட்டியலைத் திறந்து, 'ஃபைல்ஸ்' என்று முடியும் எக்ஸ்எம்எல் கோப்பைப் பாருங்கள். ஒவ்வொரு கோப்பும் பதிவேற்றியவர் தந்த மூலமா, தளம் தானாகச் செய்த வழிப்பொருளா என்று அதில் எழுதியிருக்கும். மூலமே எம்பி3 என்றால் அதையே எடுங்கள்.

இறக்கிய அன்றே செய்ய வேண்டியது

இறக்கியதும் அலமாரியில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தால், பழுது இருந்தாலும் விற்றவரிடம் கேட்க முடியாது. அதற்குள் அந்தப் பக்கமே எடுக்கப்பட்டிருக்கலாம். பெரும்பாலான ஃபிளாக் கோப்புகளின் உள்ளே ஒலியின் எம்டி5 கையொப்பம் (தரவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) இருக்கிறது. ஃபூபார்2000 மென்பொருளில் கோப்புகளைத் தெரிவுசெய்து, முழுமைச் சோதனையை ஓட்டினால், சில நிமிடங்களில் எந்தப் பாட்டு பாதியில் அறுந்திருக்கிறது என்று தெரியும். ஒரு குழப்பத்தைத் தவிர்க்க: பாட்டின் பெயர், ராகம் போன்ற குறிப்புகளைத் திருத்தினால் முழுக் கோப்பின் எம்டி5 மாறிவிடும், உள்ளே இருக்கும் ஒலியின் கையொப்பம் மாறாது. விற்பவர் தந்த கோப்பு எம்டி5 பட்டியலோடு ஒப்பிடுவது என்றால் குறிப்புகளைத் தொடுவதற்கு முன் ஒப்பிடுங்கள்.

அடுத்து நிறமாலை. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டால் போதும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண். நல்ல நாடாப் பதிவில் மேலே போகப் போக நிறம் மெல்ல மங்கும், புகை கலைவது போல. 128 கேபிபிஎஸ் எம்பி3யிலிருந்து பிறந்த போலியில் சுமார் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நேர்கோடு இருக்கும். 320 என்றால் வெட்டு 20 அருகில். 96 கிலோஹெர்ட்ஸ் என்று விற்ற கோப்பு 22இல் (வட்டுத் தரம் எட்டும் உச்சம்) நேராக வெட்டப்பட்டிருந்தால், அது வட்டுத் தரத்தை இழுத்துப் பெரிதாக்கியது.

வெட்டுக் கோட்டைக் கண்டதும் விற்றவர் மீது பாயவும் வேண்டாம். பண்பலை ஒலிபரப்பே 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான். வானொலியிலிருந்து பிடித்த கச்சேரியில் அங்கே வெட்டு இருப்பது இயல்பு. 19இல் மெல்லிய கிடைக்கோடு ஒன்று தெரிந்தால் அது ஸ்டீரியோ ஒலிபரப்பின் வழிகாட்டி ஒலி, பண்பலையிலிருந்து பிடித்தது என்பதற்கு அதுவே சாட்சி. 15.6 அருகே விடாத கோடு தெரிந்தால் அது பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியிலிருந்து வந்து கலந்த ஒலி. 1990களின் டாட் என்ற மின்னிலக்க நாடாவில் நீண்ட நேர முறையில் பதிந்திருந்தால் 16இல் வெட்டு இருக்கும். வம்சாவளிக் குறிப்பும் படமும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி.

பிட்வீதம் குறைவாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். இரு பக்கமும் ஒரே ஒலி உள்ள மோனோ பதிவை ஃபிளாக் வெகுவாகச் சுருக்கிவிடும். 300, 400 கேபிபிஎஸ் என்று காட்டுவது சரியே.

காது பார்க்கும் இடங்கள்

முதலில் தம்புரா. ஆலாபனை முடிந்து வயலின் எடுப்பதற்கு முன் வரும் அந்த இரண்டு, மூன்று விநாடிகளை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஜீவாளி (தந்திக்கடியில் வைக்கும் நூல்) சரியாக வைத்த தம்புராவில் தந்தியின் மேல் ஒரு ரீங்காரம் விரிந்து விரிந்து போகும். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு அந்த ரீங்காரமும் நாடாவின் 'ஸ்ஸ்' ஒலியும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். ரீங்காரம் நீருக்கடியில் கேட்பது போல் அமுங்கி, பாடகர் வாய் திறந்ததும் இரைச்சல் எழுந்து, மூடியதும் செத்துப்போனால், பதிவு அளவுக்கு மீறித் துடைக்கப்பட்டது. இதற்கு மாற்று இல்லை. துடைக்காத பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். நாடா இரைச்சல் பத்து நிமிடத்தில் காதுக்குப் பழகிவிடும், செத்த தம்புரா பழகாது.

பிறகு கைதட்டல். தரம் குறைந்த எம்பி3 வழியாக வந்திருந்தால் தனித்தனிக் கைகள் கேட்காது, தண்ணீர் கொதிப்பது போல் குழையும். மிருதங்கத்தின் சாப்புக்குச் சற்று முன்னால் ஒரு சிறு நிழல் ஒலி கேட்டால் அதுவும் எம்பி3யின் வேலை. பதிவை மோனோவாக மாற்றிக் கேளுங்கள்: ஸ்டீரியோவில் பளிச்சென்று இருந்தது மோனோவில் மங்கினால், நாடாவை ஓட்டியபோது அதைப் படிக்கும் கருவித் தலையின் கோணம் சரியில்லை. சமன்படுத்தியை எவ்வளவு திருகினாலும் இது தீராது. நாடாவைத் திரும்ப ஓட்ட வேண்டும், ஆகவே விற்றவருக்கு எழுதுங்கள்.

வேகமும் ஸ்ருதியும்

பழைய பதிவுகளில் அதிகம் காணும் குறை இதுதான், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். நாடா 6 விழுக்காடு வேகமாக ஓடினால் ஸ்ருதி அரைக் கட்டை (பியானோவில் அடுத்த விசை) ஏறிவிடும். ஒன்றரைக் கட்டையில் பாடுபவர் இரண்டில் பாடுவது போலவும், பிருகாக்கள் (வேகமான சுரக் கோவைகள்) கொஞ்சம் அவசரப்படுவது போலவும் கேட்கும். பாடகரின் வழக்கமான கட்டை தெரிந்திருந்தால் ஸ்ருதிப்பெட்டிச் செயலியோடு ஒப்பிடலாம்: 1 கட்டை சி, 2 டி, 5 ஜி, 6 ஏ.

அது தெரியாதபோது பதிவில் கலந்துவிடும் மின்சாரத்தின் ரீங்காரம் உதவும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பாட்டுக்கு நடுவே உள்ள அமைதியான பகுதியில் பத்து விநாடியைத் தெரிவுசெய்து, 'அனலைஸ்' பட்டியலில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' திறந்து, அளவை 65536 என்று வையுங்கள். சிங்கப்பூரில் பதிந்தது என்றால், அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 50இல் ஒரு முனை நிற்க வேண்டும். அது 52இல் நின்றால் பதிவு 4 விழுக்காடு வேகம். 100 ஹெர்ட்ஸ் முனையையும் பார்த்து உறுதி செய்யுங்கள். 150ஐ நம்பாதீர்கள்: இரண்டு கட்டைத் தம்புராவின் ஸட்ஜம் 147க்கு அருகில், இரண்டும் குழம்பும். திருத்த 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' விளைவில் பெருக்கல் எண் 50ஐ 52ஆல் வகுத்தது, அதாவது 0.9615. ஸ்ருதியை மட்டும் மாற்றும் விளைவைத் தொடாதீர்கள். தாளம் தவறான வேகத்திலேயே நின்றுவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். நாடாவை மாற்றிய கருவியும் தன் 50 ஹெர்ட்ஸைச் சேர்க்கும், எனவே இரண்டு முனைகள் தெரிந்தால் 50இல் நிற்பது கருவியுடையது, விலகி நிற்பதே கச்சேரியுடையது. அடுத்தது, அந்தக் காலத்து இந்திய மின்கட்டமைப்பில் அலைவெண் ஒரே நிலையில் நின்றதில்லை. சென்னையில் பதிந்த கச்சேரியில் ஓரிரு விழுக்காடு விலகல் நாடாவின் குற்றம் என்று சொல்ல முடியாது. அங்கே கட்டையும் காதும்தான் கடைசித் தீர்ப்பு. எப்படியும் மூலக் கோப்பை மாற்றாமல், திருத்தியதைத் தனிப் பெயரில் சேமியுங்கள்.

கேட்பதும் வைத்திருப்பதும்

ராகம் தானம் பல்லவியைப் பெரும்பாலும் மூன்று, நான்கு தடங்களாக வெட்டியிருப்பார்கள். எம்பி3யில் ஒவ்வொரு தடத்தின் முனையிலும் சிறு வெற்றிடம் சேர்வதால் தானம் பல்லவிக்குள் நுழையும் இடத்தில் தம்புரா இடறும். ஃபிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. இயக்கும் செயலியில் இடைவெளியற்ற இயக்கத்தைப் போட்டு, ஒரு தடம் அடுத்ததில் கலந்து மாறும் வசதியை (கிராஸ்ஃபேட்) அணைத்துவிடுங்கள். ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் தடம் தடமாக அல்லாமல் முழுத் தொகுப்புக்குமாக வையுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய விருத்தமும் தனி ஆவர்த்தனமும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும்.

எம்ஆர்டி ரயிலில் புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்பதற்கு முழு ஃபிளாக் தேவையில்லை. புளூடூத் எப்படியும் பெரும்பாலும் மீண்டும் இழப்போடு சுருக்கித்தான் அனுப்பும். ஃபிளாக்கிலிருந்து 256 கேபிபிஎஸ் ஏஏசி (இழப்போடு சுருக்கும் சிறு வடிவம்) ஒன்று செய்து கைப்பேசியில் வையுங்கள். மூல ஃபிளாக் வீட்டில் இருக்கட்டும்: கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வீட்டுக்கு வெளியே மேகக் கிடங்கில் ஒன்று.

குறிப்புகளை எழுதும்போது 'கலைஞர், தொகுப்பு' என்ற இரண்டு பெட்டிக்குள் கச்சேரியை அடைக்க முயல வேண்டாம். ஃபிளாக்கில் விரும்பிய பெயரில் புலம் சேர்க்கலாம். எம்பி3டேக் மென்பொருளில் ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், இடம், நாள் என்று தனித்தனியாகப் போடுங்கள். விற்பவர் தந்த வம்சாவளிக் குறிப்பை அப்படியே ஒரு உரைக்கோப்பாக அதே அடைவில் வையுங்கள். அந்தப் பக்கம் காணாமல் போனால் அந்த விவரம் வேறெங்கும் கிடைக்காது.