"ரெஸ்ட் எடுங்கப்பா" என்பதில் உள்ள சிக்கல்: புற்றுநோயும் முதியவர்களின் சோர்வும்

கீமோ முடிந்து வீடு திரும்பிய எழுபது வயது அப்பாவிடம் குடும்பமே ஒரே குரலில் சொல்லும்: "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், படுத்து ரெஸ்ட் எடுங்க." தண்ணீர் கைக்கு வரும், சாப்பாடு கட்டிலுக்கு வரும். பாசத்தில் செய்வதுதான். ஆனால் நடக்கிற தவறுகளில் இதுதான் பெரியது.

வெயிலில் வேலை செய்த களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். புற்றுநோயும் அதன் சிகிச்சையும் தரும் சோர்வு அப்படிப் போகாது. படுத்தே இருந்தால் கூடத்தான் செய்யும். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் சராசரியாக ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்திருந்தது. நோயும் கீமோவும் சேர்ந்தவருக்குக் கேட்கவே வேண்டாம். தசை குறையக் குறைய, கழிப்பறை வரை போனாலே மூச்சு வாங்கும். அதற்குப் பயந்து மறுபடி படுப்பார்.

அதனால் நடக்க வேண்டும். முதலில் வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம் போதும். கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் நல்ல பயிற்சி. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற அளவுக்கு மெல்ல மெல்லக் கொண்டுபோகலாம். எலும்பில் நோய் பரவியிருந்தாலோ, ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தாலோ, பாதம் மரத்துப்போயிருந்தாலோ மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கொஞ்சம் தெம்பு வந்த நாளில் துணி துவைத்து, பரணை ஒழித்து, எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்வது. அப்புறம் இரண்டு நாள் எழவே முடியாது. (அம்மாக்கள் இதில் கெட்டிக்காரர்கள்.) தெம்பான நேரம் எது என்று பார்த்து, அவருக்கு முக்கியமான வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம். குளிப்பதை ஸ்டூலில் உட்கார்ந்து செய்யலாம்.

"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று மருத்துவரிடம் சொல்லாமலே விடுவது அடுத்தது. ரத்தசோகை, தைராய்டு குறைவு, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன. 0 முதல் 10 வரை சோர்வுக்கு எத்தனை மதிப்பெண் என்று அவரையே கேட்டுக் குறித்து வையுங்கள். 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

பத்தியம் என்று முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குக் குறைந்தது 1 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிசியோதெரபி என்றாலே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பலர் பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் வலி, வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆனால், கீமோ காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் இதில் எது வந்தாலும் அதைச் சோர்வோடு சேர்த்துப் பார்க்காமல், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.