முட்டை மஞ்சள் கருவிலிருந்து ஃப்ளூ எதிர்ப்புரதம் பிரிக்கும் முறை

கோழியின் உடலுக்குள் எது புகுந்ததோ அதற்கு எதிரான ஐஜிஒய் (கோழியின் எதிர்ப்புரதம்)தான் முட்டையில் சேரும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடை முட்டையிலும் ஐஜிஒய் உண்டு. கை பழக அது போதும். ஃப்ளூவைப் பிடிக்க வேண்டுமானால், செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸ் ஊசி போட்ட கோழியின் முட்டை வேண்டும். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கால்நடை மருத்துவரும் தேவை. 2023இல் எச்5என்1, எச்7என்6 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ்கள் இரண்டும் தென்னாப்பிரிக்கப் பண்ணைகளைப் பதம்பார்த்தன. எங்கிருந்து வந்ததென்று தெரியாத முட்டையை எடுக்க வேண்டாம்.

இந்த முறைக்கு அடிப்படை போட்டவர் ஆல்ஃபிரெட் போல்சன் என்ற தென்னாப்பிரிக்கர். பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000, சுருக்கமாக பெக், இதில் முக்கியச் சரக்கு; புரதத்தைப் படியவைப்பது இதுதான்.

வெள்ளைக் கருவை வடித்துவிட்டு, மஞ்சள் கருவைத் தண்ணீரில் அலசி, டிஷ்யூ தாளில் மெல்ல உருட்டுங்கள். ஒட்டியிருக்கும் வெள்ளை எல்லாம் தாளோடு போய்விடும். சவ்வைக் குத்தி உள்ளிருப்பதை மட்டும் அளவுக்குழாயில் வடியுங்கள், சவ்வு விழக்கூடாது.

15 மி.லி. கரு என்றால், பிஎச் 7.6 உள்ள 100 மில்லிமோலார் பாஸ்பேட் கரைசல் 30 மி.லி. சேருங்கள். மொத்தம் 45 மி.லி.க்கு 3.5 சதவீதம், அதாவது 1.58 கிராம் பெக். சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். மையவிலக்கி இயந்திரத்தில் 4,420 ஜி (புவியீர்ப்பைப் போல 4,420 மடங்கு) விசையில் அரை மணி நேரம் சுழற்றினால் மேலே கொழுப்புப் படலம், நடுவில் தெளிந்த நீர், அடியில் மஞ்சள் களி என்று பிரியும்.

நடு நீரைப் பஞ்சு வைத்த புனலில் வடிகட்டுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கொழுப்பு தப்பி வந்தால் கடைசிப் படிவு வெண்மையாக இல்லாமல் மஞ்சளாய்ப் பிசுபிசுக்கும், கரைசலும் கலங்கும். அப்படி ஆனால் இன்னொரு முறை வடிகட்டுங்கள்.

வடிந்த நீரை அளந்து, மேலும் 8.5 சதவீதம் பெக் (36 மி.லி.க்கு 3.06 கிராம்) சேர்த்து, 12,000 ஜியில் பத்து நிமிடம் சுழற்றுங்கள். படிவை அதே அளவு, அதாவது 36 மி.லி., பாஸ்பேட் கரைசலில் கரைத்து, 12 சதவீதம் பெக்கில் மறுபடி படியவைத்து, அந்தப் படிவை 2.5 மி.லி. பாஸ்பேட் கரைசலில் கரைத்துக்கொள்ளுங்கள்.

280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். மி.லி.க்கு 1 மி.கி. ஐஜிஒய் இருந்தால் அது 1.25 காட்டும். நாற்பது மடங்கு நீர்த்தது 0.75 காட்டினால், 0.75 × 40 ÷ 1.25 = மி.லி.க்கு 24 மி.கி.; மொத்தம் 60 மி.கி. ஒரு முட்டைக்கு இது நல்ல விளைச்சல்.

பாலூட்டிகளின் எதிர்ப்புரதத்தைப் பிரிக்கப் பயன்படும் புரோட்டீன் ஏ தூணில் ஊற்றாதீர்கள், ஐஜிஒய் அதில் ஒட்டாது. எதிர்ப்புரதத்தை அளக்கும் எலைசா சோதனைக்கும் கோழிப் புரதத்தை அடையாளம் காணும் இரண்டாம் எதிர்ப்புரதமே வேண்டும்.

எச்5என்1 தடுப்பூசி போட்ட வியட்நாம் கோழிகளின் முட்டை ஐஜிஒய், மூக்குவழி கொடுத்தபோது எலிகளைக் காத்ததாக 2010இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதை நம்பிப் பச்சை முட்டையைக் குடிப்பது வீண்: போய்ச் சேருவது வயிற்று அமிலத்துக்கு, மூக்குக்கு அல்ல. நீங்கள் பிரித்ததும் ஆய்வகப் பொருள்தான், மருந்தல்ல.

சேமிக்க 0.1 சதவீதம் சோடியம் அசைடு போட்டு 4 டிகிரியில் வையுங்கள். அசைடு நஞ்சு. உயிரணுக்களிலோ எலியிலோ சோதிக்கப்போகும் குழாயில் அதைப் போடாமல், பெக்கையும் டயாலிசிஸ் செய்து (சவ்வுப் பையின் வழியே வெளியே கசியவிட்டு) நீக்கிவிடுங்கள். எந்தக் குழாய் எதற்கென்று அன்றே எழுதி ஒட்டுங்கள்.