அமெரிக்க கமிஷன் பத்தி நியூஸ் வந்தா எப்படி படிக்கணும்

எஃப்டிசி (வியாபாரப் போட்டி, நுகர்வோர் பாதுகாப்பு), எஃப்சிசி (தொலைத்தொடர்பு), எஸ்இசி (பங்குச் சந்தை) மாதிரி அமெரிக்க கண்காணிப்பு கமிஷன் பத்தின நியூஸ்ல தடைன்னு ஒரு வார்த்தை பாத்த உடனே நம்பிடாதீங்க, சொன்னது யாருன்னு முதல்ல பாருங்க. இந்த மூணுலயும் 5 கமிஷனர் சீட், ஒரே கட்சிக்காரங்க 3 பேருக்கு மேல இருக்கக்கூடாது, ரூல்னா ஓட்டெடுப்புல பாஸாகணும், அதனால ஒருத்தர் பேட்டில சொல்றது அவரோட கருத்து மட்டும்தான்.

2023 ஜனவரில இதே மாதிரி இன்னொரு கமிஷனான நுகர்வோர் பொருள் பாதுகாப்பு கமிஷனோட கமிஷனர்கள்ல ஒருத்தரான ரிச்சர்ட் ட்ரம்கா ஜூனியர் ப்ளூம்பெர்க் பேட்டில கேஸ் அடுப்பு விஷயத்துல எந்த முடிவும் எடுக்கலாம்ங்கற மாதிரி சொன்னாரு, உடனே கேஸ் அடுப்புக்கே தடை வரப்போகுதுன்னு ஊரெல்லாம் சண்டை, கடைசில அந்த கமிஷனோட சேர்மனே வந்து தடை பண்ற எண்ணம் இல்ல, அதுக்கான நடவடிக்கை எதுவும் ஓடலன்னு அறிக்கை விட வேண்டியதா போச்சு. நியூஸ் எழுதினவங்க "ஒரு கமிஷனர் சொல்றார்"னு முதல் வரிலயே போட்டிருந்தா பாதி குழப்பம் வந்திருக்காது.

அடுத்து எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு பாருங்க. முதல்ல ப்ரொபோசல், அத ஃபெடரல் ரெஜிஸ்டர்ல (அமெரிக்க அரசிதழ்) போட்டு மக்கள்கிட்ட கருத்து கேப்பாங்க, அப்புறம் ஃபைனல் ஓட்டு, அதுக்கப்புறமும் கோர்ட் இருக்கு. வேலைய விட்டவங்க போட்டி கம்பெனில சேரக்கூடாதுன்னு போடற ஒப்பந்தத்துக்கு எஃப்டிசி கொண்டு வந்த தடை 2023 ஜனவரில ப்ரொபோசல், 2024 ஏப்ரல்ல 3-2 ஓட்டுல பாஸ், செப்டம்பர்ல அமலுக்கு வரணும், ஆனா ஆகஸ்ட்லயே டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. ஏப்ரல் நியூஸ மட்டும் படிச்சவங்க ரூல் இருக்குன்னே நம்பிட்டு இருப்பாங்க, வேலை மாறப்போறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

3-2ன்னு பாத்தா எதிர்த்து ஓட்டு போட்டவங்க அறிக்கையையும் தேடி படிங்க. ப்ரெஸ் ரிலீஸ்ல ஜெயிச்சவங்க வாதம்தான் இருக்கும், நிறைய செய்தி அத அப்படியே மாத்தி எழுதினதுதான், கோர்ட்ல பின்னாடி வரப்போற கேள்வி பெரும்பாலும் அந்த எதிர்ப்பு அறிக்கைலயே இருக்கும், எனக்கு அதான் படிக்க வேண்டிய முதல் பேப்பர்.

அஃபீஷியல் அக்கவுண்ட்ல வந்துச்சுன்னாலும் அவசரப்படாதீங்க. 2024 ஜனவரி 9ல எஸ்இசியோட எக்ஸ் அக்கவுண்ட்ட ஹேக் பண்ணி பிட்காயின் இடிஎஃப்க்கு (பங்கு மாதிரி சந்தைல வாங்கி விக்கற பிட்காயின் ஃபண்ட்) அனுமதின்னு போட்டாங்க, பெரிய மீடியாவும் அத ஃப்ளாஷ் பண்ணிச்சு, உண்மையான ஆர்டர் மறுநாள்தான் வந்துச்சு. கமிஷன் சைட்ல ஆர்டர திறந்து தேதி, ஓட்டு எண்ணிக்கை, என்னிக்கு அமல்ங்கறத பாத்துட்டு அப்புறமா ஷேர் பண்ணுங்க.