விளக்கக் கட்டுரை எழுதுவது எப்படி? சேலத்து ஜவ்வரிசியை வைத்து ஒரு செய்முறை

"எங்கள் ஊர் ஏற்காடு" என்று தலைப்புக் கொடுத்தால் பாதிப் பேர் 'ஏழைகளின் ஊட்டி' என்று தொடங்கி, 'இயற்கை அன்னையின் மடி' என்று நீட்டி, இரண்டு பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். படித்து முடித்தவருக்கு ஏற்காட்டைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. அது பாராட்டுரை. விளக்கக் கட்டுரையின் வேலை வேறு: ஒரு பொருள் எப்படி இயங்குகிறது, ஏன் அப்படி இருக்கிறது என்பதை, அதைப் பார்த்தே இராத ஒருவருக்குப் புரியவைப்பது.

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

'சேலம் மாவட்டத் தொழில்கள்' என்ற தலைப்பு இரண்டு பக்கத்துக்குள் அடங்காது. அதையே "குச்சிக்கிழங்கு (மரவள்ளி) எப்படி ஜவ்வரிசி ஆகிறது?" என்று கேட்டுவிட்டால் எதை எழுதுவது, எதை விடுவது என்பது தெளிவாகிவிடும். 'எப்படி' என்பது ஒரு வகைக் கேள்வி. "காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரம் எதற்கு?" என்பது 'ஏன்' வகை. "மாம்பழங்களில் மல்கோவாவுக்கும் பெங்களூராவுக்கும் என்ன வேறுபாடு?" என்பது ஒப்பீட்டு வகை. ஒரு கட்டுரைக்கு ஒரு வகை போதும்.

தேர்வில் தலைப்பை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் வினாத்தாளில் கொடுத்த குறிப்புகள் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் கேள்வியாக்கிக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை.

படி 2: தகவல் திரட்டுங்கள்

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'என்ன நடக்கிறது', வலப்பக்கம் 'ஏன்'. இடப்பக்கத்தில் 'கிழங்கைப் பிடுங்கியதும் ஆலைக்கு அனுப்புகிறார்கள்' என்று எழுதினால், வலப்பக்கத்தில் 'ஓரிரு நாளிலேயே கெடத் தொடங்கும்' என்று வர வேண்டும். வலப்பக்கம் காலியாக இருக்கும் இடங்களில்தான் இன்னும் விசாரிக்க வேண்டும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வேலை பார்க்கும் உறவினர் யாராவது இருந்தால் கேளுங்கள். பாடநூலில் கிடைக்காத சொற்கள் அவர்களிடம் கிடைக்கும்.

படி 3: குறிப்புச்சட்டகம்

முன்னுரை – கிழங்கு ஆலைக்கு வருதல் – அரைத்துப் பால் எடுத்தல் – குலுக்கி மணியாக்குதல் – வறுத்துக் காயவைத்தல் – முடிவுரை. ஆறு பத்திகள், மொத்தம் 200 முதல் 250 சொற்கள். பத்தாம் வகுப்பின் 8 மதிப்பெண் கட்டுரைக்கு இந்த அளவு சரியாக இருக்கும். சட்டகத்துக்கு 3 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரட்டிய எல்லாவற்றையும் இதற்குள் திணிக்கவும் வேண்டாம். ஜவ்வரிசி ஆலைகளுக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் தொடங்கியது என்பது நல்ல தகவல்தான். ஆனால் 'எப்படி ஆகிறது' என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. முடிவுரையில் ஒரு வரி கொடுக்கலாம்.

படி 4: பொருளுரை

மதிப்பெண் போவதும் வருவதும் இங்கேதான். வழக்கமாக வரும் பத்தி இது:

"பிறகு பாலைத் தொட்டியில் விடுவார்கள். மாவு படியும். பிறகு அதை எடுத்துக் குலுக்குவார்கள். பிறகு வறுப்பார்கள்."

தவறு எதுவும் இல்லை, விளக்கமும் இல்லை. திருத்தி எழுதினால்:

"அரைத்த கிழங்கில் தண்ணீர் விட்டுச் சலிக்கும்போது நாரும் சக்கையும் சல்லடையில் தங்கிவிடுகின்றன. இதைத் திப்பி என்பார்கள். மாட்டுத் தீவனமாகப் போகும். கீழே இறங்கும் பாலைத் தொட்டியில் அசையாமல் விடுகிறார்கள். மாவுத் துகள் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் சில மணி நேரத்தில் அடியில் கெட்டியாகப் படிகிறது. மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு மாவை வெட்டி எடுக்கிறார்கள்."

குலுக்கலும் வறுத்தலும் அடுத்தடுத்த பத்திகளுக்குப் போய்விட்டன. ஒரு பத்திக்கு ஒரு கட்டம்தான். 'பிறகு' ஒன்றுகூட இல்லை, ஆனாலும் வரிசை புரிகிறது. 'திப்பி' என்ற தொழில் சொல் வந்த இடத்திலேயே அதன் பொருளும் வந்துவிட்டது.

படிப்பவர் எங்கே குறுக்கே கேட்பார் என்று யோசித்து, அங்கேயே பதிலை வையுங்கள். ஈர மாவைக் குலுக்கினால் மணி மணியாகத் திரளும் என்று எழுதியதும், "உதிர்ந்துவிடாதா?" என்ற கேள்வி வரும். சூடான தட்டில் வறுக்கும்போது மணியின் மேற்பரப்பு மாவு ஈரத்தோடு வெந்து, பசைபோல் இறுகிப் பிடித்துக்கொள்கிறது என்பது பதில். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் வறுப்பது ஏதோ சடங்குபோலத் தோன்றும்.

படி 5: முன்னுரையும் முடிவுரையும்

வீட்டுப்பாடமாக இருந்தால் முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். எதற்கு முன்னுரை என்று அப்போதுதான் தெரியும். மூன்று வரி போதும்: பொருள் எது, ஏன் கவனிக்கத்தக்கது, கட்டுரை எதைச் சொல்லப்போகிறது. குறளோடுதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பொருந்தாத குறளைவிடக் குறளே இல்லாதது மேல். முடிவுரையில் புதிய கட்டம் எதையும் நுழைக்காதீர்கள். சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றதைச் சொல்லி நிறுத்தலாம். 'எனவே நாம் அனைவரும் ஜவ்வரிசியைப் போற்றுவோம்' என்பதெல்லாம் வேண்டாம்.

படி 6: கடைசி 3 நிமிடம்

எழுதிக்கொண்டே திருத்தினால் ஓட்டம் அறுந்துவிடும். முடித்த பிறகு பாருங்கள். முதலில் ஒருமை, பன்மை: 'கிழங்குகள் வருகிறது' என்றிருந்தால் 'வருகின்றன' என்று மாற்றுங்கள். அடுத்து, அவசரத்தில் புகுந்துவிடும் பேச்சு வழக்கு: 'காய வெச்சு' அல்ல, 'காயவைத்து'. ஒற்று விடுபட்ட இடங்களைக் கண்டுபிடிக்க வாய்க்குள் மெதுவாகப் படித்துப் பாருங்கள்; 'பாலை தொட்டியில்' என்பதில் இடறும், 'பாலைத் தொட்டியில்' என்பது சரளமாகப் போகும். நேரம் மீதமிருந்தால் ர, ற இரண்டையும் ஒருமுறை பாருங்கள். 'அரைத்த மாவு' 'அறைத்த மாவு' ஆகிவிட்டால் திருத்துபவர் சிரித்துக்கொண்டே மதிப்பெண்ணைக் குறைப்பார்.