சிறு ஆலாவின் இனப்பெருக்கத்தைக் கூட்டை நெருங்காமல் கவனிப்பது எப்படி?

மும்பையில் வாழும் தமிழர்களுக்குச் சிறு ஆலா (Little Tern) என்னும் சிறிய நீர்ப்பறவையை அறிந்துகொள்ள வசதியான ஒரு முறை உண்டு. குளிர்காலத்தில் சிவ்ரியின் சேற்றுக்கரையிலும் தானே (Thane) கடற்கழியிலும் ஆலா இனங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். மே மாத விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது கோடியக்கரை போன்ற உப்பளக் கரைகளில் அதன் குடும்ப வாழ்க்கையைக் கவனிக்க வேண்டும்.

சயானிலோ மாட்டுங்காவிலோ இருப்பவர்களுக்குச் சிவ்ரி தொலைவில்லை. ஆனால் ஓதம் எப்போது ஏறும் என்று பார்க்காமல் கிளம்பினால், சேறு கண்ணுக்கெட்டிய வரை விரிந்து பறவைகள் வெறும் புள்ளிகளாகவே தெரியும். நீர் ஏறத் தொடங்கும் வேளையில் அங்கிருப்பது நல்லது. பெரும்பாலும் உங்கள் கண்ணில் படுபவை மீசை ஆலாவும் பருத்த அலகு ஆலாவுமாகவே இருக்கும். அவற்றைவிடத் தெளிவாகச் சிறியதாக, படபடவென வேகமாகச் சிறகடித்து, அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று, தலைகுப்புற நீரில் பாயும் பறவை வந்தால் கவனியுங்கள். சிறு ஆலாவின் நீளம் சுமார் 23 செ.மீ., எடை ஏறக்குறைய 55 கிராம். இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே அதன் அலகு கருநுனியுடன் மஞ்சளாக இருக்கும். மற்ற மாதங்களில் கறுத்துவிடும். மேற்குக் கடற்கரையில் சாண்டர்ஸ் ஆலா என்னும் நெருங்கிய உறவினமும் திரிவதால், குளிர்காலக் குறிப்பில் ‘இரண்டில் ஒன்று’ என்று எழுதுவதே நேர்மை. கோடையில் நெற்றியைப் பாருங்கள்: சிறு ஆலாவின் வெண்மை கண்ணுக்கு மேலும் கூராக நீளும், மற்றதில் அது நெற்றியோடு நின்றுவிடும்.

கூட்டைத் தேடாதீர்கள் என்பதே இந்த வழிகாட்டியின் முதன்மையான அறிவுரை. தேடினாலும் கிடைக்காது, காலில்தான் மிதிபடும். கூடு என்பது மணலில் நெஞ்சால் அழுத்திச் செய்த ஆழமற்ற குழி; சில சமயம் ஓரிரு சிப்பித் துண்டுகள் கிடக்கும், அவ்வளவே. அதில் இடப்படும் இரண்டு அல்லது மூன்று முட்டைகள், கரும்புள்ளிகளுடன் மணலின் நிறத்திலேயே இருக்கும். ஆகவே மீனைத் தொடருங்கள். பிடித்த மீனை உடனே விழுங்காமல் அலகில் குறுக்காகக் கவ்வியபடி கரையை நோக்கிப் பறக்கும் ஆலா, யாருக்கோ கொண்டு போகிறது. பருவத் தொடக்கத்தில் அது பெரும்பாலும் ஆண், பெற்றுக்கொள்வது அதன் இணை. ஆண் மீனோடு தரையில் நிமிர்ந்து நடப்பதும், பெண் குனிந்து இரப்பதும், சில வேளை கொடுக்காமலே பறந்துவிடுவதும் பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சிகள். பின்னாட்களில் அதே பறவை மிகச் சிறிய மீன்களை அடிக்கடி கொண்டுவந்தால், குஞ்சு பொரித்துவிட்டது என்று கொள்ளலாம்.

காலை எட்டு மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். அடைகாப்பதை இரு பெற்றோரும் பகிர்ந்துகொள்கின்றன. நண்பகலில் அவை செய்வது சூடேற்றுவதன்று, நிழல் தருவது. வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. அந்நேரத்தில் நாம் அவற்றை எழுப்பிவிட்டால் முட்டைக்குள் உள்ள கரு வெயிலில் வெந்துபோகலாம். தலைக்குமேல் கத்திக்கொண்டு பறவைகள் பாய்ந்தால், நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள்; வந்த சுவட்டிலேயே, தரையைப் பார்த்தபடி பின்வாங்குங்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பறவை முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. நல்ல படம் வேண்டும் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. இடத்தைச் சுட்டும் படங்களை வெளியிடாமலிருப்பதும் நல்லது.

குறிப்பேட்டில் தேதி, ஓதம், அமர்ந்திருக்கும் பறவைகளின் எண்ணிக்கை, மீன் சென்ற திசை ஆகியவை போதும். அடைகாப்புக்கு ஏறக்குறைய மூன்று வாரம், குஞ்சு பறக்க மேலும் மூன்று வாரம். பொரித்த ஓரிரு நாளிலேயே குஞ்சுகள் குழியை விட்டு நடந்து, செடியடியிலோ கால்தடப் பள்ளத்திலோ பதுங்கிவிடும் என்பதால், கூடு வெறுமையாகத் தெரிந்தால் அழிந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மாத விடுமுறையில் முழுக் கதையையும் பார்க்க முடியாது. நாள்தோறும் அந்த வரப்புகளில் நடக்கும் உப்பளத் தொழிலாளர்களிடம் முன்பே பேசி வையுங்கள். கோடை மழையில் கூடுகள் மூழ்கினவா, ஆலாக்கள் மறுபடியும் முட்டையிட்டனவா என்பதை மும்பை திரும்பிய பிறகு அவர்களிடம் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.